பாதை போடுவது ஒரு முறை, தூர்வாருவது ஆண்டுதோறும்

மலையிலும் காட்டிலும் நடப்பதற்கென்று போடப்பட்ட பாதைகள் பலவற்றை அரசு நேரடியாகப் பராமரிப்பதில்லை. நிலம் அரசுடையதாக இருக்கும், வரைபடத்தில் பாதையும் இருக்கும். ஆனால் விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவது, மழைநீர் வடியும் வாயைத் தூர்வாருவது, அடித்துப்போன கல்படியை மறுபடி பதிப்பது எல்லாம் அந்தப் பகுதியின் தன்னார்வ அமைப்பு ஒன்றின் தலையில்தான் விழும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை இதற்குப் பெரிய சான்று. 1921இல் பென்டன் மெக்காய் ஒரு கட்டுரையில் இந்த யோசனையை முன்வைத்தார். 1925இல் அதற்கென ஒரு கூட்டமைப்பு உருவானது, 1937இல் பாதை முழுவதும் இணைந்தது. இன்று 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்லும் அந்தப் பாதையை, சுமார் 30 உள்ளூர் மன்றங்கள் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு பராமரிக்கின்றன. பாதையை ஒட்டிய நிலத்தை நிர்வகிக்கும் பொறுப்பையே 1984இல் அமெரிக்க அரசு அந்தக் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது.

இப்படியொரு அமைப்புக்கு உதவ வருபவர்கள் முதலில் கேட்பது, "அடுத்து எங்கே புதுப் பாதை போடுகிறீர்கள்?" என்பதுதான். நன்கொடையும் அந்தப் பக்கமே போகிறது. புதுப் பாதைக்குத் திறப்பு விழா உண்டு, பாலத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு, தூர்வாரிய வடிகாலுக்கு இரண்டும் கிடையாது. ஆனால் பத்தாண்டு கழித்து அந்தப் பாதை பாதையாக இருக்குமா, ஓடையாகிப் போயிருக்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்த வடிகால்தான். ஆகவே பாதை அமைப்பு ஒன்றுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி, பராமரிப்புக்கு, நிபந்தனை போடாமல், ஆண்டு தவறாமல் கொடுப்பது. பணமானாலும் உடலுழைப்பானாலும் இதே கணக்குத்தான். அதற்கான காரணம் மண்ணிலும் மழையிலும் இருக்கிறது.

நூறு மீட்டர் பாதையில் 2,000 லிட்டர்

ஒரு மீட்டர் அகலமும் நூறு மீட்டர் நீளமும் உள்ள ஒரு பாதைத் துண்டை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 2,000 லிட்டர். மேல்சரிவிலிருந்து வழிந்து வந்து சேர்வது தனி. இந்த நீர் பாதையைக் குறுக்கே கடந்து பள்ளத்துப் பக்கம் போய்விட்டால் ஒரு சேதமும் இல்லை. நீளவாக்கில் ஓடத் தொடங்கினால்தான் வினை. போகப்போக அளவும் கூடும், வேகமும் கூடும். வேகம் பிடித்த நீர் முதலில் பொடிமண்ணை அள்ளும், பிறகு மணலை, அப்புறம் சரளையை. கடைசியில் வேர்களும் கற்களும் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பள்ளம்தான் மிஞ்சும். நடப்பவர்கள் அதில் இறங்க மாட்டார்கள், கரையோரப் புல்லில் கால் வைப்பார்கள். அங்கே புதுத் தடம் விழும், புல் செத்துப்போகும், அடுத்த மழையில் அதுவும் அரிக்கும். ஒரு மீட்டராக இருந்த பாதை நாலைந்து மீட்டர் அகலத்துக்குப் பிய்ந்து கிடப்பதற்குக் காரணம் நடப்பவர்களின் ஒழுங்கீனம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வடிகாலின் குறைதான்.

பாதை போடும்போதே இதைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் செய்கிறார்கள்.

முதலாவது, ஏற்றத்தின் அளவு. பாதையின் ஏற்றம், அது வெட்டிச் செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 16 சதவீதம் என்றால் பாதை 8 சதவீதத்துக்குள், அதாவது நூறு மீட்டர் நடந்தால் எட்டு மீட்டருக்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டும். பாதியைத் தாண்டினால், குறுக்கே கடப்பதைவிடப் பாதையோடு ஓடுவதே நீருக்கு எளிதாகிவிடும். சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் பாதையின் சராசரி ஏற்றத்தைப் பத்து சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. சமதளமான இடத்தில் பாதை போடுவது சுலபம், நீடிக்கும் என்று தோன்றும். உண்மை நேர் எதிர். சமதளத்தில் நீர் போக இடமில்லாமல் தேங்கும், சேறாகும். அனுபவமுள்ளவர்கள் மிதமான சரிவைத்தான் தேடுவார்கள்.

இரண்டாவது, குறுக்குச் சாய்வு. மலைப் பக்க ஓரத்தைவிடப் பள்ளத்துப் பக்க ஓரம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். ஐந்து சதவீதம் போதும், அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர். நடப்பவருக்கு அது தெரியவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

மூன்றாவது, தாழ்வுகள். ஏறிக்கொண்டே போகும் பாதை, பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு முறை சில அடி தூரம் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்த இறக்கத்தின் அடியில் நீர் தானாக வெளியேறிவிடும், வடிகால் என்பது இந்த இடம்தான். மேலே சொன்ன 2,000 லிட்டரைப் பதினைந்து மீட்டருக்கு ஒரு தாழ்வு வீதம் பிரித்தால், ஒவ்வொன்றின் பங்கும் சுமார் 300 லிட்டர். மண்ணை அரிக்கும் அளவுக்கு அது வேகம் பிடிக்க முடியாது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மூன்றையும் சரியாகச் செய்து போட்ட பாதைகூட நடக்க நடக்கக் கெடும். பாதையின் நடுப்பகுதி கால் பட்டு அமுங்கும். அங்கிருந்து ஒதுங்கிய மண், மேலிருந்து சரிந்த மண், உதிர்ந்த சருகு எல்லாம் சேர்ந்து வெளி விளிம்பில் வரப்பு கட்டும். வரப்பு ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தாலே குறுக்குச் சாய்வு இருந்தும் இல்லாத மாதிரிதான். தாழ்வின் வாயிலும் இதேபோல வண்டல் படியும். யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, பாதை பயன்பட்டது, அவ்வளவுதான். அதனால் பராமரிப்பு என்பது கட்டுமானத்தில் விட்ட குறையைச் சரிசெய்வதாகாது. அது பாதையின் ஆயுள் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டிய வேலை.

ஒரு வடிகாலைத் தூர்வாரும் விதம்

முதலில் சருகை வார வேண்டும், பாதையின் மேல் கிடப்பதை மட்டுமல்ல, வெளியேறும் வாய்க்கு அப்பால் ஒரு மீட்டர் வரைக்கும். சருகு போன பிறகுதான் வண்டல் படிந்த கோடு கண்ணுக்குப் படும். நிறம் மாறிய, விரலால் அழுத்தினால் பதியும் அந்த மண்ணைப் பழைய கெட்டித் தளம் தட்டுப்படும் வரை வெட்டி எடுக்க வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது. அடுத்தது வாயை அகலப்படுத்துவது. புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு எப்போதும் இங்கேதான். மண்வெட்டி அகலத்துக்கு ஒரு கால்வாய் வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அதை அடைக்க முதல் மழை கொண்டுவரும் ஒரு கைப்பிடி இலை போதும், நடப்பவர் கால் இடறவும் வழியாகும். வாய் அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்க வேண்டும். மலைப் பக்கத்தில் குறுகி, பள்ளத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று எட்டு அகலத்துக்கு விரிய வேண்டும். அப்படி விரிந்த வாய் சின்னச் சின்ன இலைக் குப்பையைத் தானே தள்ளிவிடும்.

வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்பதும் முக்கியம். வாயின் விளிம்பில் குவித்தால் மறுபடி வரப்புதான். சருகும் மக்கிப்போன இலைத்தூளும் கலந்த மண்ணைச் சரிவில் தூர வீசிப் பரப்பிவிட வேண்டும். பாதையில் பள்ளம் நிரப்ப அதைப் பயன்படுத்தக் கூடாது. மக்கிய இலைத்தூள் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிதிபட்டதும் சேறாகும். சருகு கலக்காத சுத்தமான வண்டலாக இருந்தால், கீழ்ப் பக்கத்து மேட்டின் மேல் போட்டு மண்வெட்டியின் முதுகால் அடித்து இறுக்கலாம். மண் லேசான ஈரத்தோடு இருக்கும் பருவத்தில்தான் இது பிடிக்கும். காய்ந்த புழுதி இறுகாது, நனைந்த களிமண் ஒட்டிக்கொண்டு வரும். கடைசியாக ஒரு பந்தையோ உருண்டைக் கல்லையோ மேல் பக்கத்திலிருந்து உருட்டிப் பார்த்தால் போதும், அது வாய் வழியாக வெளியே போக வேண்டும்.

பழைய பாதைகளில் தாழ்வுகளுக்குப் பதிலாகக் கல்லையோ கட்டையையோ குறுக்கே புதைத்துத் தடுப்பு கட்டியிருப்பார்கள். அது பாதைக்கு நேர்க்குறுக்காக இருந்தால் நீர் முட்டி நின்று வண்டலை இறக்கிவிட்டு மேலே வழியும். 45 முதல் 60 பாகை வரை சாய்ந்திருந்தால்தான் நீரைத் திருப்பிவிடும். சாய்வு சரியாக இருந்தாலும், பின்னால் சேரும் வண்டலை எடுக்காவிட்டால் சில பருவங்களில் தடுப்பு முழுவதும் புதைந்துவிடும். புதிய பாதைகளில் இதைத் தவிர்த்துத் தாழ்வுகளை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

சாதாரண வடிகால் ஒன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகலாம். இதைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருபது கிலோமீட்டர் பாதை, பதினைந்து மீட்டருக்கு ஒரு வடிகால் என்றால், மொத்தம் 1,300க்கு மேல். ஒன்றுக்கு ஆறு நிமிடம் வைத்தாலும் 130 மணி நேரத்துக்கு மேல் போகிறது. நடந்து போய்ச் சேர்வது, கருவி சுமப்பது, ஓய்வு எல்லாம் போக ஒருவர் ஒரு நாளில் மண்வெட்டி பிடிக்கும் நேரம் நான்கு மணி. எட்டுப் பேர் குழுவுக்கு நான்கு முழு நாள் வேலை. இது ஒரு சுற்றுக்கு மட்டும். இலை உதிர்ந்த பிறகு ஒன்று, பெருமழைக்கு முன் ஒன்று என இரண்டு சுற்று போனால்தான் பாதை தாங்கும்.

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் மலைப் பாதைகளைப் பழுதுபார்க்கும் 'ஃபிக்ஸ் தி ஃபெல்ஸ்' என்ற கூட்டுமுயற்சி இதற்கென்றே பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை வைத்திருக்கிறது. மண்வெட்டியோடு ஒரு பாதையை மேலிருந்து கீழ்வரை நடந்து, வழியிலுள்ள வடிகால்களையெல்லாம் துப்புரவாக்குவதுதான் அவர்களுடைய முக்கிய வேலை. அதே மலைகளில் அரித்துப்போன பாதைக்குக் கல் பதிக்க வேண்டியிருந்தால், கற்களைப் பைகளில் கட்டி ஹெலிகாப்டரில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். மண்வெட்டியோடு ஒரு சுற்று நடந்ததற்கும் ஹெலிகாப்டருக்கும் உள்ள செலவு வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

வடிகாலுக்கு அடுத்து மரமும் புதரும். அப்பலாச்சியன் பாதையில் 4 அடி அகலம், 8 அடி உயரத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. மழையில் நனைந்து தொங்கும் கிளை தலையில் இடிக்காமல் இருக்கவே அந்த உயரம். கிளையை வெட்டும்போது தண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்படி அரைகுறையாக விடக் கூடாது, தண்டோடு ஒட்டச் சீவவும் கூடாது. கிளை புறப்படும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். அதற்குச் சற்று வெளியே வெட்டினால் மரம் தானாகக் காயத்தை மூடிக்கொள்ளும்.

விழுந்த மரம் வேறு விவகாரம். வளைந்து அழுத்தத்தில் கிடக்கும் தண்டை ரம்பத்தால் தொட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று படிக்கத் தெரிந்தவர்கள்தான் அதில் கை வைக்க வேண்டும். 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி அப்பலாச்சியன் பாதையின் தென்பகுதியைத் தாக்கியபோது, மரங்கள் குவியல் குவியலாக, ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் தேவைப்படுவது கூட்டம் அல்ல, ரம்பச் சான்றிதழ் பெற்ற சில டஜன் பேர். அந்தச் சான்றிதழுக்கான பயிற்சிக்கு முன்கூட்டியே யாராவது பணம் கொடுத்திருந்தால்தான் அவர்கள் இருப்பார்கள்.

பணம் எதற்குத் தேவைப்படுகிறது

தன்னார்வலர்கள் இலவசமாக உழைக்கிறார்கள், பிறகு எதற்குப் பணம் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. இலவச உழைப்பை ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து, காயமில்லாமல், பயன்படும்படி வேலை வாங்கித் திருப்பி அனுப்புவதற்குச் செலவு ஆகும். விபத்துக் காப்பீடு இல்லாமல் நில உரிமையாளர் உள்ளே விடமாட்டார். முதலுதவிச் சான்றிதழைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கருவிகளுக்குப் பிடி மாற்ற வேண்டும், வாய் தீட்ட வேண்டும். மழுங்கிய கோடரிதான் அதிகம் காயப்படுத்துகிறது, வெட்ட வேண்டிய இடத்தில் இறங்காமல் வழுக்கும். சுற்றுச்சூழல் அனுமதி, பாலத்துக்குப் பொறியாளர் கையொப்பம், வண்டி, எரிபொருள் என்று பட்டியல் நீளும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, ஒருங்கிணைப்பாளரின் சம்பளம். எந்த வாரம் எந்தத் துண்டுக்கு யார் போக வேண்டும், எந்தக் கருவி எடுக்க வேண்டும், வனத்துறையிடம் அனுமதி வந்ததா, போன ஆண்டு சரிந்த விளிம்பு இப்போது எப்படி இருக்கிறது என்பதெல்லாம் ஒரு மனிதரின் தலையில் இருக்கும். அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கிடைக்காமல் அவர் விலகிப் போனால், அந்த அறிவும் அவரோடு போய்விடும். 'நிர்வாகச் செலவு' என்ற தலைப்பில் இந்தச் சம்பளத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் நன்கொடையாளர்கள், அமைப்பின் முதுகெலும்பை ஊதாரித்தனம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

நிபந்தனை போட்டுக் கொடுக்கும் பணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 'இது பாலத்துக்கு மட்டும்' என்று கொடுத்தால், சட்டப்படியும் முறைப்படியும் அதைப் பாலத்துக்குத்தான் செலவிட முடியும். பாலம் வந்துவிடும். ஒரு மரப்பாலம் இருபது ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொண்டால், அதன் விலையில் இருபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கினால்தான் அது ஆடத் தொடங்கும்போது மாற்ற முடியும். விலைவாசி உயர்வு அதற்கு மேல். ஆண்டுச் சோதனை, ஆணி இறுக்குவது, தாங்குகட்டையின் அடியில் சேரும் ஈரச் சருகை எடுப்பது, உளுத்த பலகையை மாற்றுவது ஆகியவற்றுக்கும் அந்த நன்கொடையில் இடமில்லை. நல்லெண்ணத்தோடு வந்த பரிசு ஆண்டுச் சுமையாக மாறும் விதம் இதுதான். பாலம்தான் கொடுக்க வேண்டும் என்று மனம் விரும்பினால், அதன் பராமரிப்புக்கும் ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுங்கள்.

சிறு தொகையானாலும் மாதந்தோறும் தானாக வந்து சேரும் நன்கொடைக்கு, ஒரே முறை வரும் பெருந்தொகைக்கு இல்லாத ஒரு பலன் உண்டு. அதை நம்பி அமைப்பு ஒருவரை வேலைக்கு வைக்கலாம். எப்போது வரும் என்று தெரியாத பணத்தை நம்பி அதைச் செய்ய முடியாது.

பொருளாகக் கொடுக்க விரும்புபவர்கள் முதலில் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்து மண்வெட்டி வேர் நிறைந்த மலைமண்ணில் ஒரு நாளைத் தாண்டாது. அங்கே கைகொடுப்பது கனமான கடப்பாரை, களைக்கொத்து, கை ரம்பம், ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் கொத்தும் கொண்ட புலாஸ்கி போன்றவை. 1910இல் வட அமெரிக்காவில் மூண்ட பெருங்காட்டுத் தீயின்போது, தன் ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் ஒதுக்கிப் பலரின் உயிரைக் காத்த வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயரைத் தாங்கிய கருவி அது. தீயணைப்புக்கென்று வந்தது, இன்று பாதை வேலைக்காரர்களின் கையை விட்டு அகலாது.

உடலுழைப்பைக் கொடுப்பவர்களுக்கு

ஒரு நிறுவனம் தன் ஊழியர்கள் அறுபது பேரை ஒரே நாளில் அழைத்து வருவதாகச் சொன்னால், பாதை அமைப்புகள் தயங்கும். அது நன்றிகெட்டதனம் அல்ல. ஐந்து முதல் எட்டுப் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற குழுத் தலைவர் வேண்டும். அறுபது பேருக்குப் பத்துத் தலைவர்கள், அறுபது தலைக்கவசம், அறுபது கருவி தேவைப்படும். வெட்டும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இடையே குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதால், அறுபது பேரும் ஏறத்தாழ இருநூறு மீட்டருக்குப் பரந்து நிற்பார்கள், ஒரு தலைவரின் கண்ணுக்கு எட்டாமல். அதே அறுபது பேர் பத்துப் பத்தாக ஆறு தடவை வந்தால், அமைப்புக்கு அது வரம்.

அதைவிடவும் பெரிய உதவி, அதே ஆள் திரும்பத் திரும்ப வருவது. முதல் நாளில் ஒருவர் கற்றுக்கொள்வதுதான் அதிகம், செய்வது குறைவு. கருவியைத் தோளில் போடாமல், பள்ளத்துப் பக்கக் கையில், கூர்முனை முன்னோக்கிக் கீழே பார்க்கும்படி பிடித்து நடப்பதில் தொடங்கும் அந்தப் பாடம். விழுந்தால் கருவியைக் கீழ்ப்பக்கம் வீசிவிட அதுதான் வசதி. மூன்றாவது நான்காவது முறை வரும்போது அவர் தானாகவே வரப்பைக் கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

அப்படி நிலைத்தவர்களுக்குப் பல அமைப்புகள் ஒரு துண்டையே ஒப்படைக்கின்றன. இரண்டு முதல் ஐந்து கிலோமீட்டர் வரை இருக்கலாம். ஆண்டுக்குச் சில முறை நடந்து, வடிகால் தூர்வாரி, கிளை வெட்டி, அடையாளக் குறிகளுக்கு வண்ணம் பூசி, தன்னால் முடியாததைத் தலைமைக்கு எழுதி அனுப்ப வேண்டும். துண்டை ஏற்றுக்கொள்பவர் மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒரு முறையாவது நடந்து பார்க்க வேண்டும், மின்னலும் வெள்ளமும் இல்லாத மழையில். நீர் எங்கே பாதையில் ஏறுகிறது, எங்கே இறங்க மறுக்கிறது என்பதை வெயிலில் ஊகிக்கத்தான் முடியும், மழையில் கண்ணால் பார்க்கலாம்.

மண்வெட்டி பிடிக்க முடியாதவர்களுக்கும் வேலை நிறைய உண்டு. கணக்குத் தணிக்கை, மானிய விண்ணப்பம் எழுதுவது, வரைபடத் தரவைச் சரிபார்ப்பது, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கத் தெரிந்த வழக்கறிஞரின் ஒரு மாலை நேரம் ஆகியவை சிறு அமைப்புகளுக்குக் கிடைப்பதற்கு மிக அரியவை.

வெறுமனே நடந்து போகிறவர்கூட உதவலாம், சரியான தகவல் தந்தால். 'மேலே மரம் விழுந்திருக்கிறது' என்பது பயன்படாது. இடத்தின் ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்), மரத்தின் குறுக்களவு, தரையிலிருந்து உயரம், அது முழுவதும் படுத்துக் கிடக்கிறதா அல்லது இன்னொரு மரத்தில் தொங்குகிறதா, சுற்றிப் போக இடமுண்டா, பக்கத்தில் ஒரு ஆளோ ஊன்றுகோலோ தெரியும்படி ஒரு படம் எல்லாம் வேண்டும். இருபது சென்டிமீட்டர் மரத்துக்குக் கை ரம்பத்தோடு இருவர் போதும், எழுபது சென்டிமீட்டருக்கு வேறு குழு, வேறு ரம்பம். தகவல் தவறினால் ஒரு குழுவின் நாள் வீணாகும். கண்ணில் பட்டதைத் தானே சரிசெய்யக் கிளம்புவதும் வேண்டாம். அனுமதியில்லாமல் திறக்கும் குறுக்குவழியும் வெட்டும் மரமும், அமைப்பு பல ஆண்டு பேசிப் பெற்ற அனுமதியையே கெடுத்துவிடக்கூடும்.

எந்த அமைப்புக்குக் கொடுப்பது

ஆண்டறிக்கையில் புது கிலோமீட்டர் எத்தனை என்று பார்க்கும் முன், பழைய கிலோமீட்டரில் எத்தனை இந்த ஆண்டு பராமரிக்கப்பட்டது என்று தேடுங்கள். அந்த எண்ணே இல்லாத அறிக்கை யோசிக்க வைக்க வேண்டும். துண்டுவாரியாகப் பதிவேடு இருக்கிறதா, கடைசியாக யார் எப்போது நடந்தார்கள், என்ன பாக்கி என்று கேளுங்கள். நல்ல அமைப்பு பாக்கிப் பட்டியலை மறைக்காது. பாக்கியே இல்லை என்று சொல்லும் அமைப்பு பாதையில் நடந்திருக்க வாய்ப்பில்லை.

எப்போதாவது ஒரு பாதையை மூடியிருக்கிறார்களா, இடம் மாற்றியிருக்கிறார்களா என்பதும் கேட்க வேண்டிய நல்ல கேள்வி. சரிவுக்கு நேராகப் போட்ட பழைய பாதையை எத்தனை தடுப்பு கட்டினாலும் காப்பாற்ற முடியாது. அதைக் கைவிட்டு, குறைந்த ஏற்றத்தில் புதுத் தடம் வெட்டி, பழையதைக் கட்டைகளும் செடிகளும் போட்டு மூடி, நடப்பவர்கள் கோபப்பட்டாலும் பொறுமையாக விளக்கிச் சொல்லும் அமைப்புக்கு நிலத்தின் மேல் அக்கறை இருக்கிறது. பறவைகள் கூடு கட்டும் பருவத்திலும் மண் ஊறிக் கிடக்கும் வாரங்களிலும் பாதையை அடைக்கத் துணிபவர்களையும் அதே கணக்கில் சேர்க்கலாம். தணிக்கை செய்த கணக்கும் காப்பீட்டுப் பத்திரமும் இருக்கின்றனவா என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

மிச்சமிருப்பது நிலம். பாதை யாருடைய நிலத்தில் போகிறது, எழுத்துமூல ஒப்பந்தம் உண்டா, எத்தனை ஆண்டுக்கு? வாய்வார்த்தையில் அனுமதி கொடுத்த உரிமையாளர் இறந்தாலோ, நிலம் கைமாறினாலோ, ஒரே நாளில் பாதை அறுந்துவிடும். நடுவில் இரண்டு கிலோமீட்டர் போய்விட்டால், நடப்பவர்கள் வண்டி ஓடும் சாலையோரமாகச் சுற்ற வேண்டியதுதான். கனடாவின் ஒன்டாரியோவில் 1967இல் திறக்கப்பட்ட புரூஸ் பாதை இதை நன்றாக அறியும். ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் பல துண்டுகள் தனியார் நிலங்களில், உரிமையாளர்களின் நல்லெண்ணத்தால் தொடங்கியவை. அனுமதி திரும்பப் பெறப்படும் இடங்களில் பாதையை மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. அதனால் அந்தப் பாதையைக் காக்கும் அமைப்பு, நன்கொடையைத் திரட்டி நிலத்தையே வாங்கிச் சேர்த்து வருகிறது. நிலம் விற்பனைக்கு வரும்போது சில வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும், அப்போது போய் நிதி திரட்டத் தொடங்கினால் கைநழுவிப் போகும். பெருந்தொகை ஒன்றையோ உயிலில் ஒரு பங்கையோ கொடுக்க நினைப்பவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த நில நிதியை. கொடுக்கும்போது, வாங்கிய நிலத்தைப் பராமரிக்கவும் அதில் ஒரு பகுதியைப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.